மாருதி என்ஜினில் பந்தயக் கார் கண்ட கரிவரதன்

பள்ளிப்பட்டில் தொடங்கிப் பழவேற்காடு கடற்கரை வரை நீண்டு கிடக்கிறது திருவள்ளூர் மாவட்டம். இதில் சோழவரம் என்றதும் எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி அல்லவா? ஆனால் கும்மிடிப்பூண்டி சாலையோரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியை விட்டுவிட்டு மோட்டார் பந்தயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்!

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, விமானங்கள் இறங்குவதற்காகச் சோழவரத்தில் ஓடுபாதை போட்டார்கள். யுத்தம் முடிந்தது. பாதை சும்மா கிடந்தது. 1953-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. விமானம் ஓடிய பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் பாய்ந்தன. பந்தய நாளில் சோழவரம் திருவிழாக்கோலம் பூண்டுவிடும். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வெயிலையும் புழுதியையும் பார்க்காமல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்தப் பாதையில் காரைப் பறக்கவிட்டவர்களில் ஒருவர் கோவை எஸ். கரிவரதன்.

ஆலைக் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் பிறந்தார். நூற்பாலைத் தொழிலில் பேர்பெற்ற கோவைக் குடும்பம் அவருடையது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவருடைய மனம் மோட்டார் பந்தயத்திலேயே இருந்தது. ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. காரைப் பிரித்துப் பார்ப்பார். எது எதற்காக இருக்கிறது என்று ஆராய்வார். தாமே புதிய வண்டிகளைத் திட்டமிட்டுக் கட்டுவார். நண்பர்களுக்கு அவர் வெறும் "கரி".

கரி வென்ற கோப்பைகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அதுவல்ல என்பது நம் எண்ணம். மற்றவர்கள் ஓட்டுவதற்காக அவர் ஒரு கார் செய்தாரே, அதுதான் பெரிய காரியம்.

ஒரே ஓர் ஆசனம்

பந்தயத்துக்கென்றே செய்யப்படும் கார், நம் தெருவில் ஓடும் காரைப் போன்றது அல்ல. அதில் ஓர் ஆள்தான் உட்காரலாம். கூரை கிடையாது. கதவு கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவர் ஏறக்குறையப் படுத்த நிலையில், தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். என்ஜின் அவருடைய முதுகுக்குப் பின்னால் உறுமும்.

உலகப் புகழ் பெற்ற "பார்முலா ஒன்" பந்தயத்துக்குப் போக விரும்பும் வாலிபர், சின்ன வயதிலேயே இத்தகைய காரில் பழகியாக வேண்டும். அப்போதெல்லாம் இந்தியாவில் அதற்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். விலையோ யானை விலை. அதன்மேல் சுங்க வரி. அன்னியச் செலாவணிக்கும் கட்டுப்பாடு. ஓர் உதிரிப் பாகம் உடைந்தால், மாற்றுப் பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரும் பணக்காரர்கள் சிலர் சீமைக் கார்களைக் கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார்கள். மற்றவர்கள் அம்பாசடர், பியட், ஹெரால்டு வண்டிகளை முடுக்கிவிட்டு ஓட்டித் திருப்தி அடைந்தார்கள். திறமை உள்ள பையனுக்கு வழி அடைபட்டே கிடந்தது.

கரி கண்ட வழி

1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. மூன்று சிலிண்டர். 796 சி.சி. சின்ன என்ஜின்தான். ஆனால் எடை குறைவு. சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் மாருதி ஓடியது. மெக்கானிக்குகள் பழகிவிட்டார்கள். உதிரிப் பாகங்கள் கடையிலேயே கிடைத்தன.

கரி இதைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். அதன்மேல் பைபர் கூடு. மாருதியின் முன்பக்கத்தில் இருக்கும் என்ஜினையும் கியர் பெட்டியையும் எடுத்து, ஓட்டுகிறவருக்குப் பின்னால் வைத்தார். உள்நாட்டிலேயே ஒற்றை ஆசனப் பந்தயக் கார் தயார்! அதற்கு "பார்முலா மாருதி" என்று பெயர் வந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. போட்டியில் எல்லாக் கார்களும் ஒரே வகை. ஒரே என்ஜின். அப்படியானால் முந்துவது எப்படி? எங்கே பிரேக்கை அழுத்துவது, வளைவில் எப்போது திரும்புவது, எதிரியை எந்த இடத்தில் தாண்டுவது என்பதெல்லாம் ஓட்டுகிறவரின் கையில்தான் இருக்கிறது. அப்பாவின் பணப்பை அங்கே காருக்கு வேகம் கூட்டாது. பந்தயம் முழுவதுமே பணச்செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் எட்டாக் கனி எட்டும் கிளைக்கு இறங்கி வந்தது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிலையான பந்தயப் பாதையைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று. சோழவரத்து ஆரவாரம் அங்கே குடிபெயர்ந்தது. கரியின் சின்னக் கார்களும் அங்கே ஓடின.

கோவைப் பையன்

அந்தக் காரில் ஏறியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் கார் பந்தய வீரரே. ஸ்ரீபெரும்புதூரில், தாம் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே, நரேன் முதல் மூன்று பேரில் ஒருவராக வந்து மேடை ஏறினார். பிரான்சில் பந்தயப் பள்ளியில் பயின்று திரும்பிய பின், 1993-லும் பார்முலா மாருதி ஓட்டினார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார்.

நரேன் எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்கக் கரிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1995-ல் நடந்த விமான விபத்தில் அவர் மாண்டார். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

கார் நிற்கவில்லை

செய்தவர் போய்விட்டார். கார் ஓடிக்கொண்டிருந்தது. 2000-ம் ஆண்டுப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 16 வயது கருண் சந்தோக் பார்முலா மாருதியில் இறங்கினார். ஒரு பந்தயத்தில் ஜெயித்தால் மட்டும் பட்டம் கிடைத்துவிடாது. பருவம் முழுவதும் பல பந்தயங்கள் ஓடி, ஒவ்வொன்றிலும் புள்ளி சேர்க்க வேண்டும். கருண் 10 பந்தயங்களில் 7-ல் வென்று தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றார்! அவருடைய தாத்தா இந்து சந்தோக், 1953-ல் சென்னைக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையை நரேன் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்காவில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். டயர்த் தகராறில் 14 கார்கள் விலகிக்கொண்ட விசித்திரமான பந்தயம் அது. அதனால் என்ன, புள்ளி புள்ளிதானே! 2010-ல் கருணும் பார்முலா ஒன்னில் ஓட்டினார். இருவருமே தமிழ்நாட்டில் கரியின் காரில் பழகியவர்கள்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் நடந்த பார்முலா 4 பந்தயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இளம் வீரர்களுக்கான ஒற்றை ஆசனக் கார்தான்.

கோவையில் கரியின் வேலையை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் எடுத்து நடத்தினார். பழைய 800 என்ஜினுக்குப் பிறகு அதைவிடப் பெரிய மாருதி என்ஜின்கள் பூட்டிய கார்கள் வந்தன. செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை ஒன்றும் 2003-ல் தயாராயிற்று. அதற்குக் "கரி மோட்டார் ஸ்பீட்வே" என்று பெயர் வைத்தார்கள். கோவையில் கட்டிய பார்முலா கார்களைப் பள்ளிப் பருவம் தாண்டாத பிள்ளைகளும் அங்கே ஓட்டிப் பழகினார்கள்.