இரு பந்தாட்டத்தும் வல்ல கோட்டா இராமசாமி

திருப்பூர் நகரத்துப் பின்னற்பொறிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், நொய்யற்கரையை அடுத்த வெளிகளிலும், பனியன் கம்பெனிகளின் பின்புறத்துச் சந்துகளிலும், சிறுவர் குழாம் மட்டையும் பந்துமாய்க் கூடுதலை யாவரும் அறிவர். அவர்தம் கையிலுள்ளது பெரும்பாலும் டென்னிஸ் பந்தே, ஆடுவதோ கிரிக்கெட்டு. அவ்விரண்டு ஆட்டங்களிலும் நம் நாட்டின் சார்பாகப் பிற நாட்டாரை எதிர்த்து நின்ற சென்னை வீரர் ஒருவர் இருந்தார் என்பதை அச்சிறுவருள் அறிந்தார் மிகச் சிலரே. அவர்தாம் கோட்டா இராமசாமி. டெஸ்ட் பந்தயங்களில் அவர் மட்டையேந்தியது நான்கு முறையே. ஆயினும் அந்நான்கு முறைக்காக அவர் காத்திருந்த காலம் மிக நெடிது. அக்காத்திருப்பின் வரலாற்றையே யாம் ஈண்டுச் சுருங்க வரையப் புகுகின்றோம்.

இராமசாமி 1896ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். இவருடைய தந்தையார், தென்னாட்டுக் கிரிக்கெட்டின் தந்தையெனப் போற்றப்பெறும் புச்சிபாபு நாயுடு ஆவர். அந்நாளில் சென்னையிற் கிரிக்கெட்டு ஐரோப்பியரின் உடைமைபோல இருந்தது. அவர்தம் சங்கத்துத் திடலில் ஆடச் சென்ற இந்தியர், ஐரோப்பியர் மாளிகையினுள் அமர்ந்து உண்ணுங்கால், வெளியே மரநிழலில் உண்ண வேண்டியிருந்தது என்பர். இதனைக் கண்டு மனம் பொறாத புச்சிபாபு, இந்தியர்க்கெனத் தனிச் சங்கம் ஒன்று அமைத்து, மட்டையும் பந்தும் பிற கருவிகளும் தம் பொருள்கொண்டே வாங்கியளித்து, ஐரோப்பியரோடு ஒப்ப நின்று ஆடும் திறத்தை நம்மவர்க்கு உண்டாக்கினார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிர்நின்று ஆடும் மாகாணப் போட்டிக்கு அடிகோலியவரும் அவரே. ஆயின், தாம் விரும்பிய அப்போட்டியைக் கண்ணாற் காணுமுன் 1908இல் அவர் காலமானார். பின்னர் அப்போட்டி பொங்கற் காலத்தில் சேப்பாக்கத்தில் நிகழும் பெருவிழாவாயிற்று.

தந்தையார் மறைந்தபொழுது இராமசாமிக்கு வயது பன்னிரண்டு. தாய்வழிப் பாட்டனார்க்கு மகவாகத் தரப்பெற்றமையால், அக்குடும்பப் பெயராகிய கோட்டா என்பது இவர் பெயரின் முன்னர் நின்றது. உடன்பிறந்தார் பாலையா முதலியோரும் கிரிக்கெட்டிற் சிறந்தவரே. ஆதலின் இளமை தொட்டே இவர்க்கு ஆட்டம் வீட்டுக் கல்விபோல வாய்த்தது. இடக்கையாற் பந்தை ஓங்கியடித்தல் இவரது இயல்பு. அஞ்சி ஒடுங்கி ஆடுதல் இவர் அறியாதது.

உயர்கல்வியின் பொருட்டு இவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்றார். அங்கே இவர்க்குப் பெயர் தந்தது கிரிக்கெட்டு அன்று, டென்னிஸ் ஆட்டமே. அவ்வாட்டத்தில் சர்வகலாசாலையின் சார்பாக ஆடி நீலச்சின்னம் பெற்றார். டேவிஸ் கிண்ணப் போட்டியில் இந்தியா முதன்முதற் பங்கு கொண்டது 1921இல். அதற்கு அடுத்த ஆண்டே இராமசாமி இந்தியக் குழுவிற் சேர்க்கப்பெற்றார். 1922இல் பிரிஸ்டல் நகரில் ருமேனிய நாட்டாரை இந்தியக் குழு ஐந்துக்குச் சுழியாக வென்றபொழுது, இரட்டையர் ஆட்டத்தில் பைசி என்பாரோடு இணைந்து ஆடியவர் இவரே. அப்பொழுது இவர்க்கு வயது இருபத்தாறு.

ஒருவர் தம் இருபத்தாறாம் வயதில் ஓராட்டத்தில் நாட்டின் சார்பாக நின்றபின், மற்றோராட்டத்தில் அவ்வாறு நிற்றற்கு எத்துணைக் காலம் வேண்டும்? இராமசாமிக்குப் பதினான்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன. இதற்கு இவரது திறமைக் குறைவு காரணமன்று. இந்தியாவிற்கு டெஸ்ட் பந்தயம் ஆடும் உரிமையே 1932வரை கைகூடவில்லை. அவ்வாண்டு லார்ட்ஸ் திடலில் சி. கே. நாயுடுவின் தலைமையில் நம்மவர் முதன்முதல் இறங்கியபொழுது, இராமசாமிக்கு முப்பத்தாறு வயது நிரம்பியிருந்தது. அக்குழுவில் இவர் இலர். 1934 பிப்ரவரியில் டெஸ்ட் பந்தயம் முதன்முறையாகச் சேப்பாக்கத்திற்கே வந்தது. தாம் பிறந்து வளர்ந்த நகரில், தம் தந்தையார் ஆட்டத்தை வளர்த்த அந்நகரில் நிகழ்ந்த அப்பந்தயத்திலும் இவர்க்கு இடம் கிடைக்கவில்லை.

இவ்விடத்து யாம் ஒன்று கூற விரும்புகின்றோம். இராமசாமி செல்வக் குடியிற் பிறந்தவர். மட்டைக்கும் பந்துக்கும் அலைந்தவரல்லர். சீமைக்குச் சென்று படிக்க வழியிருந்தவர். பனியன் கம்பெனியில் வாரம் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஆடும் நம்மூர் இளைஞனோடு அவரை ஒருங்கு நிறுத்துதல் முறையன்று. எனினும் செல்வத்தால் வாங்கவொண்ணாத பொருளும் உண்டு. கழிந்த வயதை எச்செல்வமும் மீட்டுத் தாராது. முப்பதும் முப்பத்தைந்தும் கடந்து, அழைப்பு வரும் என்னும் உறுதி சிறிதுமின்றி, ஆண்டுதோறும் மாகாணப் போட்டியில் இறங்கி உடலையும் கண்ணையும் கையையும் பழுதுறாமற் காத்தாரே, அது செல்வத்தின் செயலன்று.

1936இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் இவர்க்கு இடம் கிடைத்தது. அக்குழுவில் இருந்த மற்றொரு சென்னை வீரர் எம். ஜே. கோபாலன். வளைகோற் பந்தாட்டத்திலும் வல்லவரான கோபாலன், அவ்வாண்டு பெர்லினில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவை விடுத்துக் கிரிக்கெட்டுக் குழுவோடு சென்றார். வளைகோற் குழுவினர் பொற்பதக்கத்தோடு மீண்டனர். கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் பந்தயமும் கிட்டவில்லை. ஈராட்டம் வல்லார்க்கு ஊழ் எவ்வாறெல்லாம் அமையும் என்பதற்கு இவ்விருவரும் ஒரே குழுவில் இருந்த சான்றுகள்.

அக்குழு ஒற்றுமையற்ற குழு. விஜயநகரத்து மகாராஜ்குமார் ஆட்டத்திறத்தினும் பதவியாலும் பொருளாலும் தலைமை எய்தியவர். முதல் டெஸ்டுக்கு முன்னரே அமர்நாத் என்னும் சிறந்த வீரர் ஒழுங்கு தவறினார் எனக் கூறித் தாயகம் திருப்பியனுப்பப்பட்டார். இத்தகைய பூசல்களுக்கிடையே, ஜூலை 25ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து ஓல்ட் டிராபோர்டு திடலில் இரண்டாம் டெஸ்ட் தொடங்கியபொழுது, இராமசாமி முதன்முதலாக இந்தியாவிற்கு ஆடினார். அப்பொழுது இவர் வயது நாற்பதும் ஒரு திங்களும் கடந்திருந்தது. பெரும்பாலார் மட்டையைக் கீழே வைத்துவிடும் பருவம் அது.

முதல் ஆட்டத்தில் இந்தியா 203 ஓட்டங்களில் அடங்கிற்று. அவற்றுள் 40 இராமசாமியுடையன. இங்கிலாந்து எட்டு விக்கெட்டுக்கு 571 எடுத்து நிறுத்த, தோல்வி உறுதியென யாவரும் கருதினர். அந்நிலையில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தனர்; இருவரும் நூறு கடந்தனர். இராமசாமி 60 எடுத்தார். இந்தியா ஐந்து விக்கெட்டுக்கு 390 எடுக்க, பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆகஸ்டில் ஓவல் திடலில் நிகழ்ந்த அடுத்த டெஸ்டில் இந்தியா ஒன்பது விக்கெட்டால் தோற்றது. ஆயினும் இராமசாமி 29 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காது 41 ஓட்டங்களும் எடுத்தார். அதன்பின் அவர் டெஸ்ட் பந்தயம் ஆடவில்லை. நான்கு ஆட்டங்கள், 170 ஓட்டங்கள், சராசரி 56க்கு மேல்! நெடுங்காலம் ஆடிப் பெரும்புகழ் எய்தினாருட் பலர்க்கும் வாய்க்காத சராசரி இது. நான்கே ஆட்டங்களின் கணக்காதலின் அதனைப் பெருவீரரின் கணக்கோடு ஒப்பிடுதல் கூடாது. ஆயினும் இருபத்தெட்டு வயதில் அவர்க்கு இவ்வாயில் திறந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்னும் வினா எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆடுதல் ஓய்ந்த பின்னரும் அவர் ஆட்டத்தை விட்டு நீங்கினாரல்லர். 1952-53இல் இந்தியக் குழு முதன்முதலாக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபொழுது, அதன் மேலாளராக உடன் சென்றவர் இவரே. தம்மை ஆட்டப்பித்தர் எனத் தாமே நகைத்துப் பெயரிட்டுக்கொண்டு, தம் நினைவுகளை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார்.

அவர் வாழ்வின் முடிவு வருந்தத்தக்கது. 1985ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், எண்பத்தொன்பது வயதுடைய அம்முதியவர் சென்னையில் தம் இல்லத்தை விட்டு வெளியே சென்றார், மீண்டாரில்லை. பிறந்த நாளையும் எடுத்த ஓட்டங்களையும் பிழையின்றிக் குறித்து வைத்த கிரிக்கெட்டு ஏடுகள், அவர் மறைந்த நாளைக் குறிக்கும் இடத்தில் மட்டும் தடுமாறின.

மாணவ நண்பர்காள்! வாய்ப்பு வந்தபின் பழகிக்கொள்வோம் என்று எண்ணுவார் நம்மிடையே பலர். இராமசாமிக்கு வாய்ப்பு வந்தபொழுது பழகுதற்கு ஒரு நாளும் எஞ்சியிருக்கவில்லை; அவர்க்கு அது வேண்டியிருக்கவுமில்லை. யாரும் கேளாத காலத்தும் கருவியைத் துருவேறாமற் காத்தவர்க்கு, நாற்பதாம் வயதில் வந்த அழைப்பும் காலந்தாழ்ந்த அழைப்பாகவில்லை.