பஞ்சவன் மாதேவி

எகிப்து என்றதும் பிரமிடுகள் நம் நினைவுக்கு வரும். கீசாவில் உள்ள கூபு மன்னரின் பெரிய பிரமிடுக்கு அருகில் மூன்று சிறிய பிரமிடுகளும் உள்ளன. அவை அரச குடும்பத்துப் பெண்களுக்காகக் கட்டப்பட்டவை. தமிழ் மண்ணிலும் ஓர் அரசிக்காக எழுப்பப்பட்ட நினைவுக் கோயில் உண்டு. அந்த அரசி பஞ்சவன் மாதேவி ஆவார்.

இவர் முதலாம் இராஜராஜ சோழரின் தேவியருள் ஒருவர். பழுவூரைச் சேர்ந்தவர் என அறிஞர்கள் கருதுகின்றனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இவர் செப்புத் திருமேனிகளை வழங்கினார். அக்கோயிலின் கல்வெட்டே இதற்குச் சான்றாகும்.

இராஜராஜருக்குப் பின் அவருடைய மகன் இராஜேந்திரர் அரியணை ஏறினார். அவரைப் பெற்ற தாய் வானவன் மாதேவி. பஞ்சவன் மாதேவியோ சிற்றன்னை. ஆயினும், சிற்றன்னை மறைந்த பின் இராஜேந்திரர் அவரை மறக்கவில்லை. சோழர்களின் பழையாறை நகரில் அவர் பெயரால் பஞ்சவன் மாதேவீச்சரம் என்ற கோயிலை எழுப்பினார். இவ்வாறு இறந்தோர் நினைவாக எழுப்பப்படும் கோயிலைப் பள்ளிப்படை என்பர். பிற்காலத்தில் கடாரம் வரை கடற்படையை அனுப்பியவரும் இதே இராஜேந்திரர்தான்.

காலப்போக்கில் சோழர் ஆட்சி மறைந்தது. கோயிலின் பழைய பெயரும் வழக்கொழிந்தது. கும்பகோணத்தை அடுத்த பட்டீஸ்வரம் அருகே உள்ள அக்கோயிலை மக்கள் இராமநாதன் கோயில் என்றே அழைத்தனர். அது ஓர் அரசியின் நினைவிடம் என்பதைச் சுவரில் இருந்த கல்வெட்டே உணர்த்தியது.

கல்வெட்டு ஆய்வாளர்கள் முதலில் கல்லைத் தூய்மைப்படுத்துவர். ஈரத்தாளை அதன்மீது ஒட்டித் தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்துகளின் பள்ளத்தில் பதிந்ததும் மேலே மை ஒற்றுவர். மை படாத பள்ளங்கள் வெள்ளை எழுத்துகளாகத் தெரியும். பஞ்சவன் மாதேவீச்சரக் கல்வெட்டு இராஜேந்திரரின் ஏழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது, ஏறக்குறைய கி.பி. 1019. அக்கோயில் ஒரு பள்ளிப்படை என்பதையும் அது தெளிவாகக் குறிப்பிடுகிறது.

பிரமிடுகளோடு ஒப்பிட்டால் இக்கோயில் மிகச் சிறியது. எனினும், பெறாத தாயின்மீது ஒரு மகன் கொண்ட அன்பை ஆயிரம் ஆண்டுகளாக அது காத்து நிற்கிறது. அச்சுவரைச் சுண்ணாம்பால் பூசி மறைத்திருந்தால் அந்த அன்பும் மறைந்திருக்கும். கம்போங் ராஜா போன்ற தோட்டப்புற ஊர்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பழைய கோயிலைப் புதுப்பிக்கும்போது, அதைக் கட்டியோரின் பெயர் தாங்கிய கல்லை அகற்றாமல் காப்பது நம் கடமையாகும்.