கோயில் அண்ணன் செலுத்திய நூறு தடா

கி.பி. 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்த ஸ்ரீ ராமாநுஜர், ஆண்டாள் அருளிய திருப்பாவையை இடையறாது அநுசந்தித்தமையால் 'திருப்பாவை ஜீயர்' என்று போற்றப்பெற்றார். அதன் 27ஆம் பாசுரத்தில் நெய் நிறைந்த பாற்சோற்றைப் பாடிய நாச்சியார், நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு 100 தடா வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள். தடா என்பது பெரிய மிடா.

வாயினால் நேர்ந்த அந்நேர்ச்சை செலுத்தப்படாது நின்றதை எண்ணி உடையவர் திருவுள்ளம் நெகிழ்ந்தார். நூற்றாண்டுகள் கழிந்தும் அதனைத் தம் கடனாக ஏற்று, திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, இரண்டையும் குறைவின்றி அழகருக்கு அமுது செய்வித்தார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்தபோது, தமையன் செய்யும் கடமையைச் செய்தமைக்காக நாச்சியார் அவரை அண்ணனாக ஏற்றாள் என்பது குருபரம்பரை வரலாறு. 'கோயில் அண்ணன்' என்னும் திருநாமம் அதனால் வந்தது. 1137இல் திருவரங்கத்தில் பரமபதம் எய்தினார்.

மார்கழி 27ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று இவ்வடிசிலை இல்லத்திலும் சமைக்கலாம். ஒரு பங்கு பச்சரிசியையும் கால் பங்கு பயற்றம்பருப்பையும் நெய்யில் வறுத்துப் பாலிலேயே குழைய வேகவிடுக. வெல்லத்தை முன்னரே இட்டால் பால் திரியும். ஆதலின் பால் முழுதும் சுண்டியபின் வடிகட்டிய வெல்லப்பாகைச் சேர்த்து, நெய்யைத் தாராளமாகச் சொரிக. பெருமாளுக்கு அமுது செய்வித்துப் பலரோடும் கூடி உண்கையில், பிறர் நேர்ந்ததையும் தம் கடனாகக் கொண்ட அவ்வண்ணனை நினைவோமாக.