கொத்தனார் மகன் கட்டிய கணினி

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1905-இல் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர் டாமி ஃபிளவர்ஸ். பகலில் தொழிற்பயிற்சி, இரவில் வகுப்பு என்று மின்பொறியியல் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தொலைபேசிப் பிரிவில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் தளபதிகள் லோரன்ஸ் இயந்திரத்தின் வழி ரகசியச் செய்திகளை அனுப்பினர். அவற்றை உடைக்க பிளெச்லி பார்க்கில் இருந்த கருவியில் இரண்டு காகித நாடாக்கள் இம்மியும் பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். அவையோ அடிக்கடி அறுந்தன. ஒரு நாடாவை நீக்கிவிட்டு, அதன் வேலையை வால்வுகளிடம் கொடுக்கலாம் என்றார் ஃபிளவர்ஸ். ஏறத்தாழ 1,600 வால்வுகள்! ஒன்று மாற்றி ஒன்று பழுதாகும் என்று பலர் கைவிரித்தனர். ஆனால் வால்வுகள் பெரும்பாலும் கெடுவது அணைத்து அணைத்துப் போடும்போதுதான் என்பதைத் தொலைபேசி வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஓயாமல் எரியவிட்டால் அவை நீடித்து உழைக்கும்.

சொந்தப் பணத்தையும் போட்டு அவர் உருவாக்கிய கொலோசஸ், 1944 பிப்ரவரியில் விநாடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. போர் முடிவதற்குள் அத்தகைய பத்து இயந்திரங்கள் இயங்கின.

பிறகு வந்தது மௌனம். மேலிடத்து உத்தரவுப்படி வரைபடங்களைத் தம் கையாலேயே உலையில் போட்டார். கிடைத்த வெகுமதி 1,000 பவுண்டு. அதையும் உடன் உழைத்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். அதுபோன்ற இயந்திரம் கட்ட வங்கியில் கடன் கேட்டபோது, அது இயங்காது என்று மறுத்துவிட்டார்கள். முன்பே கட்டியவன் நான்தான் என்று சொல்ல ரகசியச் சட்டம் விடவில்லை. எத்தனை கொடுமை! அமெரிக்காவின் எனியாக்கே முதல் மின்னணுக் கணினி என்று பாடநூல்கள் எழுதின. 1970-களில்தான் கொலோசஸ் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

1993-இல், 87 வயதில், ஃபிளவர்ஸ் ஒரு கல்லூரியில் அடிப்படைக் கணினி வகுப்பில் படித்துச் சான்றிதழ் பெற்றார்.