மொன்டிசோரி அம்மையாரும் நமது பிரம்பும்

பதுளையில் பிள்ளையை மொன்டிசோரிக்கு அனுப்புகிறோம் என்போம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதை நம்மில் பலர் ஆசிரியத் தொழிலுக்கு வந்த பிறகே அறிந்தோம்.

மரியா மொன்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியில் பிறந்தார். 1896 இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6 இல், அந்நகரின் சான் லொரென்சோ பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரையும் படிகளையும் பழுதாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் கண்ட வழி அது. லயத்தில் வளர்ந்த நமக்கு இது புதுக் கதையல்ல. அம்மா கொழுந்தெடுக்கப் போனால் கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில், நடக்கத் தெரிந்தது கானோரத்தில்.

அம்மையார் அவர்களை அடக்கப் பார்க்கவில்லை. அவர்கள் உயரத்துக்கு மேசை கதிரை செய்வித்து, கைக்கு வேலை கொடுத்தார். ஒருநாள் அலுமாரி பூட்டப்படாமல் கிடக்க, பிள்ளைகள் தாமே பொருட்களை எடுத்து வேலை செய்தனர். டீச்சருக்கு அது களவாகத் தெரிந்தது. அம்மையாரோ, பிள்ளைக்குத் தெரிவு செய்யத் தெரியும் என்று கண்டுகொண்டார். பிறகு பூட்டிய அலுமாரிக்குப் பதிலாகத் தாழ்ந்த தட்டுகள் வந்தன.

குழப்படி ஓயாத பிள்ளைக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை. நோய் இல்லையென்றால் மூலையில் தனி மேசை, வசதியான கதிரை, பிடித்த விளையாட்டுப் பொருள். முகம் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தபடி. அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து அதற்கும் ஆசை வந்துவிடும். நம் வகுப்பிலும் மூலை இருந்தது, சுவரைப் பார்த்து முழங்காலில் நிற்பதற்கு! நாம் பிரம்பெடுத்த பிள்ளைகளில் சிலர், விடியலில் தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையிறங்கி வந்தவர்கள். அவர்களது தூக்கத்தையும் நாம் குழப்படிக் கணக்கிலேயே சேர்த்தோம்.

1939 இல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் காரணமாக அவரும் மகன் மாரியோவும் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. 1944 இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6 இல் நெதர்லாந்தில் காலமானார்.

அவரது மௌன ஆட்டத்தை நாமும் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் செய்து பார்த்தோம். தடுப்பில்லாத ஒரே மண்டபம், மூன்று வகுப்புகள். கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பெயராக மெல்லக் கூப்பிட வேண்டும், பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வரவேண்டும். கடைசிப் பெயர் வரை அசையாமல் காத்திருந்தவள், வகுப்பிலேயே பெரிய குழப்படிக்காரி.