மந்தையோடு தங்கிய மேய்ப்பர் - புனித சார்லஸ் பொரோமேயு



நம் ஆலயத்தில் திருமணத்திற்கு முன் ஓலை வாசிக்கிறோம். திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம். இவ்வொழுங்குகளைத் திருச்சபையில் உறுதிப்படுத்தியது 1545 முதல் 1563 வரை இடைவெளிகளோடு நடைபெற்ற திரிதெந்து பொதுச்சங்கம். அச்சங்கத்தின் சட்டங்களை ஏட்டளவில் விட்டுவிடாமல் வாழ்ந்து காட்டிய ஆயர்களுள் தலைசிறந்தவர் புனித சார்லஸ் பொரோமேயு.

இவர் 1538 அக்டோபர் 2-ஆம் நாள் வட இத்தாலியில் அரோனா கோட்டையில், செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பவியா நகரில் திருச்சபைச் சட்டமும் நாட்டுச் சட்டமும் கற்று, 1559-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் அவருடைய தாய்மாமன், நான்காம் பத்திநாதர் என்ற பெயரோடு பாப்பரசரானார். மறு ஆண்டே 21 வயது மருமகன் கர்தினாலானார். மிலான் மறைமாவட்டப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. அப்போது அவர் குருவாகக்கூட இல்லை! உறவால் வந்த பதவிதான். ஆனால் 1562-இல் அண்ணன் இறந்தபோது, திருமணம் செய்து குலத்தைக் காக்கும்படி உறவினர் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. 1563-இல் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஆயராக அபிஷேகம் பெற்றார்.

ஆயர் தம் மறைமாவட்டத்திலேயே தங்கவேண்டும் என்பது பொதுச்சங்கத்தின் கட்டளை. மிலானிலோ ஏறத்தாழ 80 ஆண்டுகளாகப் பேராயர் எவரும் நிலையாகத் தங்கியதில்லை. 1565 செப்டம்பரில் சார்லஸ் அங்கு வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே தம் மாகாணத்து ஆயர்களை அழைத்து மாகாணச் சங்கத்தைக் கூட்டினார். இவ்வாறு 6 மாகாணச் சங்கங்களும், தம் குருக்களைக் கூட்டி 11 மறைமாவட்டச் சங்கங்களும் நடத்தினார். மலைப் பங்குகளுக்கும் நேரில் சென்று விசாரணை செய்தார்.

எதிர்ப்பும் வளர்ந்தது. பேராயரின் நீதிமன்றம் எதுவரை செல்லலாம் என்று அரசு அதிகாரிகள் வழக்காடினர். 1569-இல் ஸ்காலா ஆலயக் குருக்கள், தாங்கள் அவர் அதிகாரத்திற்கு உட்பட்டவர்களல்லர் என்று கூறி, விசாரணைக்கு வந்தவரை வாயிலிலேயே தடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள், அவருடைய சீர்திருத்தத்தை வெறுத்த ஒரு துறவற சபையைச் சேர்ந்தவன், முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த அவரைத் துப்பாக்கியால் சுட்டான். குண்டு பட்டும் உயிர் தப்பினார். அவர் மிகக் கண்டிப்பானவர் என்று அன்று பலர் முறையிட்டனர். அதில் உண்மை இல்லாமலுமில்லை.

ஆனால் 1576-இல் மிலானில் கொள்ளைநோய் பரவியபோது, அவர் கண்டிப்பின் பொருள் விளங்கிற்று. ஆளுநரும் பெருமக்களும் நகரைவிட்டு ஓடினர், பேராயர் ஓடவில்லை. ஆயர் மந்தையோடு தங்கவேண்டும் என்ற சட்டம் அன்று அவருடைய உயிரையே கேட்டது, அவர் தயங்கவில்லை. நோயாளிகளைச் சந்தித்து அருட்சாதனங்கள் வழங்கினார். தம் மாளிகைத் திரைச்சீலைகளை ஏழைகளுக்கு ஆடையாக்கினார். வீடுகளுக்குள் அடைபட்டோர் சன்னல் வழியே திருப்பலி காணத் தெருக்களில் பீடங்கள் அமைத்தார். கழுத்தில் கயிறு கட்டி, வெறுங்காலோடு சிலுவை சுமந்து பவனி சென்றார்.

1584 நவம்பர் 3-ஆம் நாள், 46-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1610-இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் திருநாள் நவம்பர் 4.

யூபிலி காணும் நாம், திருச்சபைச் சட்டத்தை வெறும் சுமையாக எண்ணவேண்டாம். அது மேய்ப்பனை மந்தையோடு கட்டிவைக்கும் கயிறு. அக்கயிறு முதலில் என் போன்ற குருக்களையே கட்டுகிறது. அதற்கு நாங்கள் பிரமாணிக்கமாயிருக்க மன்றாடுங்கள்.

புனித சார்லஸ் பொரோமேயுவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.