தண்டவாளம் போட்ட திவான்: முதலாம் சாலார் ஜங்

ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தமிழர்களிடம் இரண்டு பேச்சுகள் ஓயாமல் அடிபடும். ஒன்று மேட்சல் நெடுஞ்சாலையின் நெரிசல். மற்றொன்று, சற்றுக் கிழக்கே அல்வால், பொலாரம் வழியாக மேட்சல் செல்லும் புறநகர் ரயில். இரண்டுக்கும் பணம் கொடுப்பது மாநிலமா, மத்திய அரசா என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் ஹைதராபாத்துக்கு இந்த வழக்கு புதிதல்ல. இந்நகருக்கு முதன்முதலாக ரயில் வந்தபோதே, பணம் யாருடையது, பாதை யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நடுவில் நின்றவர் நிஜாம் சமஸ்தானத்தின் திவான் முதலாம் சாலார் ஜங்.

சாலார் ஜங் என்றதும் மூசி நதிக்கரையிலுள்ள மியூசியம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்குள்ள கலைப்பொருள்களில் பெரும்பாலானவற்றைச் சேகரித்தவர் இவருடைய பேரரான மூன்றாம் சாலார் ஜங். பாட்டனார் சேகரிக்கப் பாடுபட்டது வேறொன்றை. காலியாகிக் கிடந்த கஜானாவுக்குப் பணம்.

இளம் வயதில் வந்த பெரும் பாரம்

மீர் துராப் அலி கான் என்பது அவருடைய இயற்பெயர். 1829-ம் ஆண்டு பிறந்தார். முன்னோர்கள் பிஜாப்பூர் அடில் ஷாகி சுல்தான்களிடமும், பின்னர் தில்லி பாதுஷாக்களிடமும், அதற்குப் பின் நிஜாம்களிடமும் உத்தியோகம் பார்த்தவர்கள். பாட்டனார் முனீர்-உல்-முல்க், சிற்றப்பா சிராஜ்-உல்-முல்க் இருவருமே திவான் பதவி வகித்தவர்கள்.

1853-ம் ஆண்டு மே மாதம் சமஸ்தானத்துக்குச் சோதனையான மாதம். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இயங்கிய ஹைதராபாத் கன்டின்ஜென்ட் என்ற பட்டாளத்துக்கு நிஜாம் சர்க்கார் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டாளத்தின் தலைமையிடம் நமக்குத் தெரிந்த பொலாரம்தான். சம்பளப் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. கடனுக்கு ஈடாக, பருத்தி விளையும் செழிப்பான பேரார் பிரதேசத்தைக் கும்பினி சர்க்கார் தன் நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. அதற்கான உடன்படிக்கை கையெழுத்தான சில நாட்களில் சிராஜ்-உல்-முல்க் காலமானார். 24 வயது நிரம்பிய துராப் அலி கான் திவான் ஆனார்.

அவர் கைக்கு வந்தது பெயரளவில்தான் கஜானா. வரி வசூல் குத்தகைக்காரர்களிடம் இருந்தது. பல தாலுக்காக்கள் கடன் கொடுத்தவர்களிடம் அடகில் இருந்தன. அரபு, ரோகில்லாக் கூலிப்படைத் தலைவர்கள் வைத்ததே சட்டமாக இருந்தது. வழிப்பறிக் கூட்டங்களுக்குப் பயந்து வியாபாரிகள் நடமாடவில்லை.

சாலார் ஜங் ஒரே நாளில் எதையும் புரட்டிப் போடவில்லை. கூலிப்படையினரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அவர்களைக் கொண்டே கொள்ளைக்காரர்களை அடக்கினார். அடகு தாலுக்காக்களைப் படிப்படியாக மீட்டார். நீதிமன்றங்களையும் போலீசையும் ஒழுங்குபடுத்தினார். ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். 1865-ம் ஆண்டு ஜில்லாபந்தி முறையைக் கொண்டுவந்தார். குத்தகைக்காரர் போய், மாதச் சம்பளம் வாங்கும் அதிகாரி வரி வசூலித்தார். வசூலான பணம் நேரே கஜானாவுக்கு வந்தது. பிற்காலத்தில் ஹைதராபாத்தில் எழுந்த எந்தப் பெரிய வேலைக்கும் அடிப்படை இந்தச் சீர்திருத்தமே.

புகழும் பழியும்

1857-ம் ஆண்டு வட இந்தியாவில் கிளர்ச்சி மூண்டபோது சாலார் ஜங் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். அவ்வாண்டு ஜூலை 17-ந் தேதி துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பிரிட்டிஷ் ரெசிடென்சியைத் தாக்கினர். தாக்குதல் வரக்கூடும் என்று ரெசிடெண்டுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியவர் திவான். இதற்காக அவரை இன்றும் குறை கூறுவோர் உண்டு. சமஸ்தானத்தை அழிவிலிருந்து காத்தார் என்று வாதிடுவோரும் உண்டு.

1860-ம் ஆண்டு பிரிட்டிஷார் 50 லட்சம் ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தனர். ராய்ச்சூர் பகுதியையும் தாராசிவ் பகுதியையும் திருப்பிக் கொடுத்தனர். பேராரை மட்டும் விடவில்லை. அந்த ஒரு குறை திவானின் நெஞ்சில் கடைசி வரை முள்ளாகவே தங்கியது.

ரயில் வந்த கதை

1869-ம் ஆண்டு நிஜாம் அப்சல்-உத்-தௌலா மறைந்தார். பட்டத்துக்கு வந்த மகபூப் அலி கான் கைக்குழந்தை. சாலார் ஜங்கும் மூத்த பிரபுவான அமீர்-இ-கபீரும் சேர்ந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றனர். முன்பு நிஜாமின் சந்தேகப் பார்வைக்குக் கட்டுப்பட்டிருந்த திவானுக்கு இப்போது அதிகாரம் கூடியது. அதே அளவுக்குக் கல்கத்தாவின் நெருக்குதலும் கூடியது.

அந்நாளில் பம்பாயிலிருந்து வந்த இருப்புப் பாதையும் சென்னையிலிருந்து போன பாதையும் 1871-ம் ஆண்டு ராய்ச்சூரில் இணைந்தன. பிரதான பாதை ஹைதராபாத் நகரைத் தொடாமல் மேற்கே விலகிச் சென்றது. சிக்கந்தராபாத்திலோ தென்னிந்தியாவின் பெரிய கண்டோன்மென்ட்களில் ஒன்று இருந்தது. கலகம் ஏதும் மூண்டால் துருப்புகளை விரைவில் கொண்டுவரவும் கொண்டுபோகவும் ரயில் வேண்டும் என்பது பிரிட்டிஷாரின் கணக்கு. வாடி சந்திப்பிலிருந்து சிக்கந்தராபாத்துக்கு ஒரு கிளைப் பாதை போடத் தீர்மானித்தனர்.

இங்குதான் பணப் பிரச்சினை எழுந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத லாபத்துக்கு அரசு ஜாமீன் நின்றது. ஹைதராபாத் பாதைக்கு அப்படி எந்த ஜாமீனும் தர இந்திய சர்க்கார் முன்வரவில்லை. 1870-ம் ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தப்படி முதலீட்டுப் பொறுப்பு நிஜாம் அரசின் மேல் விழுந்தது. கட்டுமானம் பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் மேற்பார்வையில் நடந்தது. பட்டாளமும் சரக்கும் நடுவில் வண்டி மாறாமல் செல்ல, பிரதான பாதையைப் போலவே அகலப் பாதையாக அமைந்தது. செலவு கூடத்தான் செய்தது. நிலமும் பணமும் சமஸ்தானத்துடையவை. முடிவு வேறொருவருடையது.

திவான் ஏன் சம்மதித்தார்? பேராரைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஆங்கிலேயரின் நல்லெண்ணம் வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் வியாபாரம். ரயில் இல்லாத தலைநகரம் பின்தங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். மறுத்திருந்தால் பாதை நின்றிருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. மறுக்க முடியாத ஒன்றிலிருந்து சமஸ்தானத்துக்கு என்ன பயன் எடுக்கலாம் என்று பார்ப்பதே அவருடைய வழி.

1874-ம் ஆண்டு அக்டோபரில் வாடி – சிக்கந்தராபாத் பாதை திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். தாண்டூர், விக்காராபாத் வழியாக ரயில் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பாரத்தைத் தாங்கியது கஜானா. கஜானாவைத் தாங்கியவர்கள் தெலங்கானாவிலும் மராத்வாடாவிலும் தீர்வை கட்டிய குடியானவர்கள்.

தமிழர்களுக்கு இந்தப் பாதையில் தனி உறவு உண்டு. சென்னைப் பட்டாளத்துடன் சிக்கந்தராபாத்துக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அதுவரை ஊருக்குப் போவதென்றால் மாட்டு வண்டியில் வாரக்கணக்கான பயணம். 1874-க்குப் பிறகு வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டாவது ரயிலிலேயே சென்னை போய்ச் சேர முடிந்தது. பெஜவாடாவிலிருந்து சென்னைக்கு நேர் பாதை ஏற்பட்ட 1899-ம் ஆண்டு வரை இந்தச் சுற்று வழிதான் ரயில் வழி.

லண்டன் பயணம்

பேராரைக் கேட்க 1876-ம் ஆண்டு சாலார் ஜங் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். வழியில் பாரிஸ் நகர ஓட்டலில் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அந்த நிலையிலும் பயணத்தைக் கைவிடவில்லை. லண்டனில் ராஜோபசாரம் கிடைத்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. விருந்துகளுக்கும் விருதுகளுக்கும் குறைவில்லை. கேட்ட பேரார் மட்டும் கிடைக்கவில்லை.

பேரார் கோரிக்கையை அவர் விடாமல் எழுப்பியது வைசிராய் லிட்டன் பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. 1877-ம் ஆண்டு அமீர்-இ-கபீர் இறந்தபோது, சாலார் ஜங்குக்கு ஆகாதவரான விகார்-உல்-உமாரா இணை ஆட்சியாளராக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயருக்கு உற்ற நண்பராக இருந்தவர், தன் சமஸ்தானத்துக்காகக் கேட்கத் தொடங்கியதும் வேண்டாதவராகிவிட்டார்.

முடியாமல் போன வேலை

பாதையை வாடியோடு நிறுத்தினால் அது பட்டாளத்துக்கான கிளைப் பாதையாகவே இருந்துவிடும். கிழக்கே வாரங்கல் வழியாக நிலக்கரி கிடைத்த பகுதிக்கும், அங்கிருந்து கிருஷ்ணா கரைக்கும் கொண்டுசென்றால் சமஸ்தானத்துக்கு வருமானம் வரும். இதற்கு வேண்டிய பெரும் முதலுக்காக லண்டன் பணச் சந்தையை நாடும் பேச்சு திவானின் கடைசிக் காலத்தில் தொடங்கியது. முடிவைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1883-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி காலரா கண்டு காலமானார். வயது 54.

அவர் மறைந்த சில மாதங்களில், சாந்தா ரயில் திட்டம் என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டின் விவரங்களை வெளியிட வேண்டும் என்று நகரத்துப் படித்தவர்கள் கிளர்ந்தனர். சமஸ்தானத்தின் பணத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று மக்கள் திரண்டு கேட்டது ஹைதராபாத்துக்குப் புதிது. முன்னின்றவர்களில் ஒருவர் கல்வியாளர் அகோரநாத் சட்டோபாத்யாயா. கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தந்தை. கேள்வி கேட்டதற்குப் பரிசாக அவர் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. லண்டனில் அமைந்த கம்பெனி ரயிலை எடுத்துக்கொண்டது. அதன் முதலுக்கு 20 ஆண்டுகளுக்கு 5 சதவீதம் தர நிஜாம் அரசு ஜாமீன் நின்றது.

ரயில் 1889-ம் ஆண்டு பெஜவாடாவை எட்டியது. ஊருக்கு நன்மை விளைந்தது உண்மை. லாபத்தின் கணக்கு லண்டனில் எழுதப்பட்டதும் உண்மை. 1930-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் நிஜாம் அரசு அந்த ரயிலை விலைக்கு வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. பேரார் திரும்பவே இல்லை. 1902-ம் ஆண்டு கர்சன் பிரபு அதை ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகையாக எழுதி வாங்கிக்கொண்டார்.

இன்றும் ஓடும் பாதை

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி ஹைதராபாத்தில் எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயில் தொடங்கியது. செலவை மாநிலமும் ரயில்வேயும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. லிங்கம்பள்ளியிலிருந்து பேகம்பேட்டை வழியாக சிக்கந்தராபாத் வரும் அந்த வண்டி ஓடுவது சாலார் ஜங் போட்ட வாடி பாதையின் மேல்தான்.

ஜீடிமெட்லாவுக்கு அருகிலுள்ள மேட்சல் பாதை அவர் காலத்துக்குப் பிந்தியது. 1900-ம் ஆண்டை ஒட்டி மன்மாடு வரை போடப்பட்ட கோதாவரிப் பள்ளத்தாக்கு ரயிலின் பகுதி அது. 2012-13ல் அனுமதி பெற்ற புறநகர் ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இந்தப் பாதையும் சேர்ந்தது. மதிப்பீடு சுமார் 817 கோடி ரூபாய். இம்முறை மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்துடையது, ஒரு பங்கு ரயில்வேயுடையது. மாநிலத்தின் பங்கு வந்து சேர்வதில் இழுபறி ஏற்பட்டு வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. மேட்சலுக்குப் புறநகர் ரயில் வந்தது 2023-ம் ஆண்டு ஏப்ரலில்.

நெடுஞ்சாலையின் கதையும் இதை ஒத்ததே. நகரிலிருந்து மேட்சல் திசையில் செல்லும் சாலை கண்டோன்மென்ட் எல்லையைக் கடந்தாக வேண்டும். பாரடைஸ் சந்திப்பிலிருந்து புறப்படும் உயர்மட்டச் சாலைக்குப் பாதுகாப்பு அமைச்சின் நிலம் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே, 2024-ம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. பட்டாளத்துக்காக ரயில் வந்த ஊரில், சாலை பட்டாளத்தின் நிலத்துக்காகக் காத்து நின்றது.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. திட்டத்துக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்று இன்று சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் கேட்கலாம், பத்திரிகைகளில் எழுதலாம். 1883-ம் ஆண்டு அதைக் கேட்டவர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

சாலார் ஜங் மக்களைக் கேட்டு நடந்த ஆட்சியாளர் அல்லர். அந்தக் காலமும் அப்படிப்பட்டதல்ல. ஆனால் வரி கட்டியவன் பணம் நடுவில் மறையாமல் கஜானாவுக்கு வந்து சேர வழி செய்தவர். கஜானாவை நிரப்பத் தெரிந்த அவருக்கு, அதிலிருந்து போகும் பணத்தின் திசையைத் தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் வாய்க்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் பெருமையும் குறையும் அந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகின்றன.